கீறிக் கீறித் தெளியும் பகடை

அச்சிலிருந்து எடுக்கும்போது கண்ணாடியைப் போலத் தெளிவாக இருக்கும் ரெசின் பகடை, ஒரு முகத்தைச் சமப்படுத்துவதற்காக உப்புத்தாளில் நான்கு முறை தேய்த்த உடனே பால் படிந்ததுபோல் வெளுத்துவிடுகிறது. அதே முகத்தை மேலும் ஐந்து வகைத் தாள்களில் தேய்த்துக்கொண்டே போனால் இழந்த தெளிவு திரும்பி வருகிறது. கீறியதால் கெட்ட பரப்பு மேலும் கீறுவதால் எப்படிச் சரியாகிறது என்பது, வீட்டிலேயே பகடை வார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி. நுண்ணிய தாள்கள் கீறல்களை அழித்துவிடுகின்றன என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அந்த விடை பாதிதான் சரி. கடைசித் தாளும் கீறவே செய்கிறது. அந்தக் கீறலை ஒளி கண்டுகொள்வதில்லை, அவ்வளவே.

இங்கே பேசப்படுவது தாயக்கட்டையும் அன்று, பரமபதத்தில் உருட்டும் கனசதுரமும் அன்று. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கதையாட்டத்துக்கு 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் தேவைப்படுகின்றன. பத்து முகப் பகடை மட்டும் இரண்டு என்பதால் ஒரு கட்டு ஏழாகிறது. ஆட்டத்தின் பெரும்பாலான திருப்பங்களை முடிவு செய்வது இருபது முகப் பகடைதான், அதில் 20 விழுந்தால் கொண்டாட்டம், 1 விழுந்தால் தலைகுனிவு. ஆலைகளில் செய்யப்படும் பகடைகள் தேய்பொருள்களோடு சேர்த்து மணிக்கணக்கில் குலுக்கி மெருகேற்றப்படுவதால் அவற்றின் விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. கையால் செய்பவர்கள் விரும்புவதோ கத்தி போன்ற விளிம்பை. ஆகவே ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே தேய்ப்பதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை.

வார்ப்பு வேலையில் வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் இடமுண்டு என்றாலும் அது விரைவில் சொல்லி முடிக்கக்கூடியது. எபாக்சி ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனர் திரவமும் உரிய விகிதத்தில் கலந்ததும், சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து முப்பரிமாண வலையாகின்றன; ஒரு முறை இறுகியபின் எவ்வளவு சூடேற்றினாலும் உருகாத இவ்வகைப் பொருளை வெப்பத்தால் இறுகும் நெகிழி என்பர். கலக்கும்போது புகுந்த காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதற்குப் பதிலாக, அச்சை அப்படியே ஓர் அழுத்தக் கலத்துக்குள் வைத்துச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவில் காற்றை ஏற்றி, இறுகும்வரை விட்டுவிடுகிறார்கள். இது சமையலறை குக்கரின் அழுத்தத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் என்பதால், குக்கரிலேயே செய்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். இந்த அழுத்தத்தில் குமிழியின் பருமன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்குவதோடு, உள்ளிருக்கும் காற்றும் சோடாவில் வாயு கரைவதுபோல் ரெசினுக்குள் கரையத் தொடங்குகிறது. அச்சு செய்யப் பயன்படும் சிலிக்கோன் ரப்பரோ மூலப் பகடையின் விரல் ரேகைத் தடத்தைக்கூட விடாமல் நகலெடுக்கும் தன்மையுடையது. மூலம் ஆடிபோல் மின்னினால் வார்ப்பும் மின்னும், மூலத்தில் ஒரு கீறல் இருந்தால் அதிலிருந்து பிறக்கும் பகடைகள் அனைத்துக்கும் அது பரம்பரைச் சொத்தாகிவிடும். எனவே நல்ல மூலம் அமைந்தவர்களுக்கு மிஞ்சுவது, ரெசினை ஊற்றிய பின் மூடி பொருந்தும் அந்த ஒரு முகத்தின் வேலை மட்டுமே.

ஒளிபுகும் பொருள் வெளுப்பதற்கு வெள்ளை நிறம் எதுவும் அதில் சேர வேண்டியதில்லை என்பது கற்கண்டைப் பொடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சமமான பரப்பில் எல்லாக் கதிர்களும் ஒரே அளவில் வளைந்து உள்ளே செல்கின்றன, மேடுபள்ளமான பரப்பில் திசைக்கொன்றாகச் சிதறுகின்றன என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு மேடுபள்ளம் இருந்தால் ஒளி தடுமாறும் என்று கேட்கும்போதுதான் சுவை தொடங்குகிறது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எபாக்சியின் ஒளிவிலகல் எண், அதாவது காற்றில் செல்வதைவிட ஒளி அதற்குள் எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதன் அளவு, ஏறத்தாழ 1.55. ஆகவே ஒரு கீறலின் மேட்டுவழியே நுழையும் அலை, பள்ளத்து வழியே நுழையும் அலையைவிட, கீறலின் ஆழத்தில் 0.55 மடங்கு பின்தங்குகிறது. ஆழம் 1 மைக்ரான் என்றால் இந்தப் பின்தங்கல் பச்சை ஒளியின் ஒரு முழு அலைக்குச் சமம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள சரிவெங்கும் அலைகள் முன்னும் பின்னுமாகக் கலைந்து, ஒழுங்காக வந்த அணி சந்தைக் கூட்டமாகிவிடுகிறது. ஆழம் 0.05 மைக்ரான் என்றால் பின்தங்கல் ஓர் அலையில் இருபதில் ஒரு பங்கு. அப்போது பள்ளம் இருக்கிறது, ஆனால் அலைக்கு அது ஒரு பொருட்டன்று.

வெளுத்த முகத்தில் ஒரு சொட்டு நீர் விட்டதும் அது உடனே தெளிந்துவிடுவதற்கும் இதே கணக்குதான் காரணம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, நீர் பள்ளங்களை நிரப்பிய பின் இரு அலைகளுக்கும் உள்ள வேறுபாடு ஆழத்தில் 0.22 மடங்காகக் குறைந்துவிடுகிறது. வேலை முடிந்தது என்று நம்பிப் பகடையைத் துடைத்து வைத்துவிட்டு, உலர்ந்த பிறகு பழைய கீறல்கள் எல்லாம் மறுபடி எழுந்து நிற்பதைக் கண்டு திகைப்பவர்கள் இந்தக் குறைந்த வேறுபாட்டினால் ஏமாந்தவர்களே.

இனித் தாள்கள். ‘ஸோனா’ என்று இத்துறையினர் அழைக்கும் தாள்கள், சீரான அளவுடைய துகள்களை ஒட்டிய ஆறு நிறத் தாள்களாக வருகின்றன: பச்சையில் 30 மைக்ரான், சாம்பலில் 15, நீலத்தில் 9, இளஞ்சிவப்பில் 3, இளம்பச்சையில் 2, வெள்ளையில் 1. இவற்றை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து, நீர் தெளித்து, பகடையின் முகத்தைச் சாயாமல் வைத்துத் தேய்ப்பது நடவுக்கு முன் வயலை உழுவதைப் போன்றது. முதல் உழவு ஆழமாகச் சால் போடும். அடுத்த உழவு அதற்குக் குறுக்காக, அதைவிட மேலாகப் போகும். முந்தைய சால் ஒன்றுகூட மிச்சமில்லாதபடி முழுப் பரப்பும் புதிய சாலாக மாறிய பிறகே அடுத்த உழவைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுவது இதற்காகத்தான், ஏனெனில் திசை மாறினால் விட்டுப்போன பழைய சால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பச்சைத் தாளிலிருந்து நேரே வெள்ளைக்குத் தாவுகிறவர், மண்வெட்டியால் வெட்டிய பள்ளத்தைத் தேங்காய்த் துருவியால் சமப்படுத்த முயல்கிறவர். முந்தைய தாளின் துகள் ஒன்று கழுவப்படாமல் ஒட்டிக்கொண்டு வந்தால், நாற்றங்காலுக்குள் அவிழ்த்துவிட்ட மாடு புகுந்த கதைதான். பகடையைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் விளிம்பு மழுங்கிவிடுகிறது. உழுகிறபோது பக்கத்து வரப்பையும் சேர்த்துக் கொறிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கூர்விளிம்புப் பகடை செய்ய லாயக்கற்றவர்கள்.

உவமையை இவ்வளவு தூரம் ஓட்டிய பின் பரம்பை விட்டுவிட முடியாது. ஆனால் உவமை முறியும் இடமும் அதுதான். பரம்பு மேட்டிலுள்ள சேற்றை இழுத்துப் பள்ளத்தை நிரப்புகிறது. தாளோ மேட்டை மட்டும் வெட்டுகிறது, எதையும் நிரப்புவதில்லை. பள்ளத்தைப் போக்க வேண்டுமானால் அதன் அடிமட்டம் வரை வயல் முழுவதையும் தாழ்த்தியாக வேண்டும். மெருகு என்பது உழவா, பரம்படிப்பா என்பதே இத்துறையின் வரலாற்றுச் சண்டையும்கூட.

வரலாறு என்றதும் சகுனியையும் கீழடியில் கிடைத்த தந்தப் பகடையையும் அழைத்து வருவது கட்டுரை மரபு. அவர்களுக்கு இந்த ரெசின் பகடையோடு உறவில்லை என்பதால் இங்கே அழைப்பில்லை. எகிப்தில் தாலமிகள் காலத்திலிருந்தே கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகப் பகடைகள் இருந்தன என்ற தகவலோடு அந்தக் கடமையை முடித்துக்கொள்ளலாம். மெருகின் வரலாற்றைப் பொறுத்தவரை, நியூட்டன் 1704இல் வெளியிட்ட ‘ஆப்டிக்ஸ்’ நூலில், மெருகூட்டுவது என்பது கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுகும்வரை கீறிக்கொண்டே போவதுதான் என்று உழவுக் கட்சியைத் தொடங்கிவைத்தார். ஜார்ஜ் பீல்பி 1921இல் வெளியிட்ட நூலில், தேய்க்கும்போது பரப்பின் மேலடுக்கு நீர்மம் போல் வழிந்து பள்ளங்களை மூடிவிடுகிறது என்ற பரம்புக் கட்சியை வலுவாக முன்வைத்தார். பௌடனும் ஹியூஸும் 1937இல், தேய்க்கும் பொருளின் உருகுநிலை தேய்படும் பொருளின் உருகுநிலையைவிட உயர்ந்திருந்தால்தான் மெருகு ஏறுகிறது என்று காட்டியபோது பரம்புக் கட்சியின் கை ஓங்கியது. பின்னர் நுண்ணோக்கிகள் கூர்மையடைந்தபோது, மெருகேறிய உலோகங்களிலும் நுண்கீறல்கள் தென்பட்டன. நியூட்டனின் தரப்பு மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

எபாக்சியைப் பொறுத்தவரை இந்த வழக்கில் தீர்ப்பு ஏறக்குறைய எளிது, ஏனெனில் வலையாகப் பின்னிய பொருளால் உருகி வழிய முடியாது. உருகாவிட்டாலும் அது இளகும் என்பதுதான் சிக்கல். அறை வெப்பத்தில் இறுகும் பொழுதுபோக்கு ரெசின்கள் பல, 50, 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கண்ணாடித் தன்மையை இழந்து ரப்பரைப் போலாகின்றன. உலர்ந்த தாளில் வேகமாகத் தேய்த்தால் துகள்நுனி படும் இடத்தில் அந்த வெப்பம் எளிதில் எட்டிவிடும்; அப்போது ரெசின் வெட்டுப்படாமல் இழுபட்டு, தாளில் அப்பிக்கொண்டு, பரப்பை முன்னைவிட மோசமாக்குகிறது. நீர் தெளிப்பது தூசி பறக்காமலிருக்க மட்டுமன்று; பொருள் கடினமாக இருந்து ஒழுங்காகக் கீறுபட வேண்டும் என்பதற்காகவும்தான்.

கடைசித் தாளின் துகள் 1 மைக்ரான் என்றால் கீறலும் அதே ஆழம் இருக்காதா என்ற ஐயம் நியாயமானது. துகளின் நுனி மட்டுமே உள்ளே இறங்குவதால் கீறலின் ஆழம் துகளின் பருமனில் சிறு பகுதியே. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பகடைக்குள்ளே பதித்த பூவிதழ் தெளிவாகத் தெரியத் தொடங்கிய பிறகும், அதன் முகத்தில் பிரதிபலிக்கும் டியூப்லைட் மங்கலாகவே இருக்கிறது. ஊடுருவிச் செல்லும் அலைக்குக் கீறலின் ஆழம் 0.55 மடங்காகத் தெரிய, மோதித் திரும்பும் அலையோ பள்ளத்துக்குள் போய் மீள வேண்டியிருப்பதால் அதே ஆழம் 2 மடங்காகத் தெரிகிறது. பளபளப்பு, தெளிவைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான நேர்த்தியைக் கேட்கிறது. மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பரப்பைச் சமமாகக் கொள்ளலாம் என்பது ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் விதி. நேர்க்குத்தாகப் பார்க்கும்போது பச்சை ஒளிக்கு அது சுமார் 0.07 மைக்ரான். சாய்வாகப் பார்த்தால் இந்த வரம்பு தளர்ந்துவிடுவதால், பாதி தேய்த்த பகடையும் கண்ணை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஆடிபோல் மின்னும். விற்பனைப் படங்களில் பகடைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைக் கவனிப்பது நல்லது.

விற்பனையில் உலவும் மற்றச் சொற்களையும் அதே கண்ணோடு பார்க்கலாம். ‘நச்சற்றது’ என்று எழுதிய ரெசின், பெரும்பாலும் இறுகிய பிறகே அந்தப் பெயருக்குத் தகுதி பெறுகிறது. இறுகாத நிலையில் ஹார்டனரிலுள்ள அமீன்கள் மீண்டும் மீண்டும் தோலில் பட்டால் தீராத ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் கையுறை கட்டாயம். அந்தக் கையுறையும் நைட்ரைல் வகையாக இருக்க வேண்டும், ஏனெனில் இயற்கை ரப்பர் கையுறையின் கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிக்கோனை இறுகவிடாமல் கெடுத்துவிடும்.

கூர்விளிம்புப் பகடை நேர்மையானது என்ற விளம்பரம் இன்னும் பழையது. குலுக்கி மெருகேற்றிய பகடைகள் ஒரே சீராகத் தேய்வதில்லை என்று அமெரிக்கப் பகடைத் தயாரிப்பாளர் லூ சோக்கி பல்லாண்டுகள் வாதாடினார். வாதத்தில் உண்மை உண்டு, ஆனால் அவர் விற்றதும் குலுக்காத பகடைகளே. கையால் தேய்த்ததும் சீராகத் தேய்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உப்புநீரில் மிதக்கவிட்டு எந்த எண் மேலே வருகிறது என்று பார்க்கும் பிரபலமான சோதனை, உள்ளே ஒளிந்த பெரிய குமிழியை வேண்டுமானால் காட்டிக்கொடுக்கும். சீரான அடர்த்தியுள்ள பொருள் எவ்வளவு கோணலாக இருந்தாலும் மூழ்கிய நிலையில் அதன் ஈர்ப்பு மையமும் அது விலக்கிய நீரின் மையமும் ஒன்றே என்பதால், வடிவக் கோளாற்றை இந்தச் சோதனையால் காட்ட முடியாது.

வடிவக் கோளாறோ விசித்திரமானது. இருபது முகப் பகடையில் ஒரு முகத்தை மற்றவற்றைவிட அதிகமாகத் தேய்த்தால் அந்த முகம் மையத்தை நெருங்குகிறது, பரப்பளவிலும் பெரிதாகிறது, ஆகவே பகடை அதன்மேல் அமர்வதற்குச் சற்று கூடுதலாக விரும்புகிறது. எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 21 என்பது மரபு. 20 என்ற எண் நன்றாக மின்னட்டும் என்று அதையே ஆசைதீரத் தேய்த்தவருக்கு, 20 அடியில் போய் 1 மேலே வரும் வாய்ப்புதான் கூடும். கூடுதல் எவ்வளவு என்று அறிவதும் எளிதன்று: 100 முறை உருட்டினால் ஓர் எண் சராசரியாக 5 முறை வரும் என்றாலும் 3 வந்தாலும் 7 வந்தாலும் அது தற்செயலே, 100க்கு 5 என்பது 6 ஆகியிருக்கிறதா என்று ஓரளவு உறுதியாகச் சொல்லவே ஏறத்தாழ 2,000 முறை உருட்ட வேண்டும். அத்தனை முறை மேசையில் விழுந்து வெளுத்த முகங்களுக்காக மறுபடி பச்சைத் தாளை எடுத்தால், பகடையின் வடிவம் மாறிவிடுவதால் கணக்கை 1லிருந்து தொடங்க வேண்டியதுதான்.