மேட்டுப் புல்வெளியும் தீயும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல்களைக் கடந்து சென்றால், பாறைகளும் காடும் சூழ்ந்த புல்வெளிகள் ஆங்காங்கே தோன்றும். இலுக்கும் மானாவும் அடர்ந்த இவற்றிடையே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் தனித்தனியே நிற்கும். திரிபலைக்குரிய மூன்றும் இவையே. பட்டிப்பளையாற்றின் மேற்பகுதியில் இத்தகைய வெளிகள் 1954 இல் கல்லோயாத் தேசியப் பூங்காவினுள் அடங்கின.

பெரும்போகப் பயிர் வயலில் நிற்கையில் மாட்டுப்பட்டிகளுக்கு மேட்டுத்தரையே புகலிடம். முற்றிய இலுக்கை மாடு விரும்பாது. ஆகவே இளந்துளிர் வேண்டி வேனிலில் தீயிடுவர். தடித்த பட்டையுடைய முதுமரம் தப்பும், கன்று கருகும். இலுக்கோ நிலத்தடித் தண்டிலிருந்து மீண்டும் தழைத்து முன்னிலும் பரவும். தீயே படாவிடில் புதர் மூடிவிடும் என்பதும் மெய்யே. எனினும் ஒரே தரையை ஆண்டுதோறும் எரித்தல் தகாது. நெல்லி, கடுக்காய்க் கன்றுகளைக் கண்டவிடத்து, வேனிலுக்கு முன்னரே சுற்றிலும் புல்லைச் செதுக்கி விடுக.