அலைய வேண்டியது காகிதம்தான்

கணவனிடம் அடிபட்ட பெண் ஒருத்தி கீழ்பென்னாத்தூர் போன்ற சிறிய ஊரில் உதவி தேடிப் புறப்பட்டால், காயத்துக்கு ஆஸ்பத்திரி, புகாருக்கு ஸ்டேஷன், வழக்குக்கு வக்கீல், அன்றிரவு தங்க விடுதி என நான்கு வாசல் ஏற வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுக்க, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 விழுக்காட்டினரே. இந்த மௌனத்துக்கு அச்சமும் மானமும் காரணம் என்கிறோம். கேட்க வருகிறவளை அலைக்கழிப்பதும் ஒரு காரணம் என்பேன்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டப்படி, இதற்கென அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் எழுதும் சம்பவ அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்கும், நகல்கள் காவல் நிலையத்துக்கும் சேவை அமைப்புகளுக்கும் போக வேண்டும். அந்த அறிக்கைப் படிவத்தில் அடி உதையோடு, ஆண் குழந்தை பெறவில்லை என்று பழிப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டைவிட்டுத் துரத்துவது எல்லாம் தனித்தனியே கேட்கப்படுகின்றன. அறிக்கை இல்லாமல் வந்தவளுக்கும் சிகிச்சை மறுக்கக் கூடாது. மருத்துவமனைப் பொறுப்பாளரே படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன விதிகள். மும்பை பாந்த்ராவில் மாநகராட்சி மருத்துவமனையும் செஹாத் என்ற தன்னார்வ அமைப்பும் 2000-இல் தொடங்கிய 'திலாசா' மையம், மருத்துவமனை வாசலிலேயே உதவி தொடங்குவது நடக்கக்கூடியது என்று காட்டியது: காயத்தோடு வருகிறவளிடம் பயிற்சி பெற்ற மருத்துவ ஊழியர்கள் விசாரித்து, அங்கேயே ஆலோசகரிடம் சேர்க்கிறார்கள். தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பது, கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களுக்கே மிகவும் தேவையானது.

அறிக்கை பல கைகளுக்குப் போனால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவள் சம்மதத்தோடு, அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டும் போனால் போதும். அவள் விரும்பினால் விடுதி அவள் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. குடும்பம் பிரிந்துவிடும் என்பாரும் உண்டு. ஆனால், அவள் அதே வீட்டில் அடிபடாமல் வாழவும் இந்தச் சட்டத்தில் ஆணை கேட்கலாம். மகளிர் உதவி எண் 181-ஐ அழைத்தாலும், ஆஸ்பத்திரியில் கட்டுப்போட உட்கார்ந்தாலும், அவள் ஒரே ஒருமுறை சொன்னது மற்ற வாசல்களுக்கும் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.