புகைப் பரிசோதனையும் பழைய மோட்டார் வண்டியும்

களனி கங்கையின் வடகரையில், கொழும்பு மாநகரின் வாயிலென அமைந்துள்ளது பேலியகொடை. கண்டிக்கும் புத்தளத்துக்கும் செல்லும் பெருவீதிகள் ஈண்டே பிரிகின்றன. 2011 இல் மத்திய மீன்சந்தையும், 2013 இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் வந்து சேர்ந்தன. வாகனப் புகை அவ்வூரார் நாடோறும் உட்கொள்ளும் பொருளாயிற்று. 2008 இல் இலங்கையில் தொடங்கிய புகைப் பரிசோதனையில் தேறினாலன்றி, வாகனத்துக்கு ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை. மொரிஸ் மைனர் போன்ற பழைய வண்டி உடையாரை இப்பரிசோதனை அச்சுறுத்துவது இயல்பே. ஆயின், அதன் பெறுபேற்றைப் படிக்க அறிந்தார்க்கு அது நோய் கூறும் மருத்துவனாம்.

பெற்றோல் வண்டியின் புகையில் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் என இரண்டு அளக்கப்படுகின்றன. முன்னையது காற்றுப் போதாமையால் அரைகுறையாய் எரிந்த பெற்றோலின் விளைவு. பின்னையது எரியாமலே வெளியேறிய பெற்றோல். ஒரு பங்கு பெற்றோல் முற்றும் எரிதற்கு, நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும்.

காபனோரொட்சைட்டு மிகுந்துழி, காற்று வடி தூசியால் அடைபட்டதோ என முதலிற் பார்த்தல் தகும். அடுத்தது காபுரேற்றர். மொரிஸ் மைனரில் சோக்கை இழுத்தவுடன், பெற்றோல் வரும் சிறுகுழாய் கீழிறங்கி, ஊசியைச் சுற்றியுள்ள வழி அகல்கின்றது. சோக்கைத் தள்ளிய பின்னும் அழுக்கினால் அக்குழாய் மேலெழாது நின்றுவிடின், வண்டி நாள்முழுதும் சோக்குடனேயே ஓடும். இதனை நோக்காது திருகாணியைத் திருப்பிக்கொண்டிருப்போர் பலர்.

ஐதரோகாபன் மிகுந்தால் குற்றம் பெரும்பாலும் தீமூட்டும் பகுதியிலேயாம். நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியின் பிளக்கிற் கரி படியும். நான்கு சிலிண்டருள் ஒன்று தீப்பற்றாது தவறினும், அதன் பெற்றோல் அப்படியே வெளியேறும். ஆதலின் பிளக், அதன் கம்பி, தொடுமுனை இடைவெளி, தீமூட்டும் நேரம் ஆகியவற்றைச் செவ்வையாக்கிய பின்னரே காபுரேற்றரைத் தொடல் வேண்டும். பரிசோதனை நாளன்று மட்டும் பெற்றோலைக் குறைத்து, மறுநாள் மீண்டும் கூட்டுவாருமுளர். அளவுமீறிக் குறைப்பின் தீப்பற்றல் தவறி ஐதரோகாபன் ஏறும். தப்பித் தேறினும் ஊரின் காற்றுக்கு அதனால் யாது பயன்?

இவையெல்லாம் செம்மையாயிருந்தும் அளவு குறையாவிடின், வால்வை ஐயுறல் வேண்டும். 2002 வரை இலங்கையில் விற்கப்பட்ட பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. குழந்தைகளின் மூளைக்குக் கேடான அந்நஞ்சு நீக்கப்பட்டது நன்றே. எனினும், புகை வெளியேறும் வால்வின் இருக்கையைத் தேயாது காத்ததும் அதுவே. அக்காப்பின்றி நெடுந்தூரம் விரைந்தோடினால், வார்ப்பிரும்புத் தலையிலுள்ள இருக்கை தேய்ந்து வால்வு உள்ளமிழும். டப்பெற் இடைவெளி அற்றுப்போய், வால்வு முற்றாக மூடாது. சிலிண்டர் தோறும் அழுத்தத்தை அளந்தால் இது புலப்படும். இடைவெளியைத் திருத்தியும் அழுத்தம் ஏறாவிடின், தலையைக் கழற்றிக் கடினமான உருக்கு இருக்கைகளைப் பதித்தல் வேண்டும். செலவு சிறிதன்று, ஆயினும் அவ்வாறு பதித்தபின், ஈயமற்ற பெற்றோலால் அவ்விருக்கைகளுக்கு இடரில்லை.