அப்பாவின் ஸ்கூட்டரும் ஒரு வாய் பெட்ரோலும்

பி.காம். படித்தவனுக்கு எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. டாங்கில் நாலு லிட்டர் பழைய பெட்ரோல். லிட்டர் நூற்றிச் சொச்சம். ஆக, நானூறு ரூபாய் சும்மா கிடக்கிறதே! அந்த நானூறைக் காப்பாற்றப் போய் ஆஸ்பத்திரியில் ஆறாயிரம் அழுதுவிட்டு வந்தவன் நான். சிரிக்காமல் படியுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, மெக்கானிக் அண்ணாச்சி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்.

தென்காசிக்குப் பக்கத்தில் அச்சன்புதூர் எங்கள் ஊர். வீட்டுத் தார்சாவில் ஒரு சேத்தக் ஸ்கூட்டர். 1994-ல் அப்பா வாங்கியது. 2022-ல் அப்பா போனபின் அதை யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்டபோது, அம்மா உள்ளேயிருந்து, "ஏல, அத விக்கவா போற?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அதோடு பேரம் முடிந்தது.

விற்கக் கூடாது என்றால் ஓட்ட வேண்டுமே! ஒரு ஞாயிற்றுக்கிழமை டாங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை. வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. நிறம் கடுங்காப்பி.

பெட்ரோல் அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்கிற சரக்கு இல்லை சார். லேசான பகுதிகள் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறி, கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைத்துக்கொள்ளும். போதாததற்கு எத்தனால் வேறு. நம் நாட்டில் 2003-ல் ஐந்து சதவீதக் கலப்போடு ஆரம்பித்து, 2022-ல் பத்து, 2025-ல் இருபது என்று ஏறிவிட்டது. எத்தனாலுக்கு ஈரத்தின் மேல் தனிப் பிரியம். குற்றாலச் சாரல் குளிக்க வருகிறவர்களுக்குச் சொர்க்கம். சும்மா நிற்கிற டாங்குக்கு? மூன்று சாரல் சீசன் ஈரத்தையும் குடித்துவிட்டு, ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். டாங்கின் அடித்தகடு துருப்பிடிப்பது அப்படித்தான்.

இதெல்லாம் இப்போது எழுதுகிற ஞானம். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: டியூபை உள்ளே விடு, வாயை வைத்து உறிஞ்சு. சினிமாவில் எத்தனை பேர் செய்கிறார்கள்!

உறிஞ்சினேன். வரவில்லை. பலமாக உறிஞ்சினேன். வந்தது!

தொண்டையில் தீ. இருமல். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அம்மா உப்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள், வாந்தி எடுக்க வைக்க. எதிர்வீட்டு அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ், சொம்பைத் தட்டிப் பறித்தார். "சித்தி, வாந்தி எடுக்க விடாதிய! வரும்போது நுரையீரலுக்குள்ள போயிரும்!"

அதுதான் விஷயம். பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் ஆபத்து. தண்ணீரைவிட இளக்கமான சரக்கு. கொஞ்சம் போனாலே நுரையீரலில் பரவிப் புண்ணாக்கும். நிமோனியா வரும். உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். அதனால் எக்ஸ்-ரே எடுத்து, ஒரு ராத்திரி படுக்க வைத்துக் கவனித்தார்கள். எனக்கு அதிர்ஷ்டம், இருமலோடு போயிற்று. அம்மா தூங்கவில்லை. கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அந்த வண்டிய வித்துருவோம்ல" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அண்ணாச்சி வந்தார். வந்ததும் டாங்கைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தார்.

"உள்ள விளக்கு எரியுதா?"

சாமி அறையில் எரிந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு இங்க வச்சுத்தான் மூடியத் தொறந்தீயளா? நல்ல காலம், தம்பி."

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். விளக்கையோ அடுப்பையோ தொட்டால், தீ வந்த வழியே திரும்பி வரும். ஆஸ்பத்திரியில்கூட வராத வியர்வை எனக்கு அப்போது வந்தது.

வண்டியைத் தெருவோரம் திறந்த வெளிக்குத் தள்ளினோம். பக்கத்தில் ஒரு வாளி மணல். தண்ணீர் உதவாது, பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும். பீடி, செல்போன் எல்லாம் தூரத்தில். நான் எடுத்து வந்த பிளாஸ்டிக் குடத்தை அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். திரும்ப வைத்துவிட்டேன். தகர கேன்தான்.

கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் டியூபைக் கழற்றி, நுனியைக் கேனுக்குள் விட்டு, டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினார். ஆன் நிலையில் அடியில் இருக்கிற கசடு வராதாம். பழுப்பாகக் கொஞ்சம் ஒழுகி நின்றுவிட்டது. டேப்பிலேயே பிசின் அடைப்பு. உடனே பையிலிருந்து ஒரு கைப் பம்ப் வந்தது. நடுவில் ரப்பர் உருண்டை வைத்த டியூப், அவ்வளவுதான். படகு மோட்டார்களின் பெட்ரோல் டியூபிலும் இதே மாதிரி உருண்டை உண்டு. கேனைத் தாழ வைத்து நாலு தடவை அமுக்கினார். சரசரவென்று தானாகவே இறங்கியது! விலை விசாரித்தேன். சொல்ல மாட்டேன், என் ஆஸ்பத்திரி பில் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தார். பத்து நிமிஷத்தில் அடியில் கலங்கலாக ஒரு பட்டை. தண்ணீர்! "இதப் புதுப் பெட்ரோல்ல கலந்து ஓட்டலாம்னு நெனச்சிருப்பியளே?" என்றார். நினைத்திருந்தேன்.

சாக்கடையில் ஊற்றவும் விடவில்லை. வாய்க்கால் வழியாக வயலுக்குத்தான் போகுமாம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட மோசம். தாகத்தில் வருகிற பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். கேனை முழுக்க நிரப்பாமல், இறுக மூடி, மேலே 'பழைய பெட்ரோல்' என்று எழுதி அவரே எடுத்துப் போனார். கழிவு எண்ணெய் எடுக்க வருகிறவர்களிடம் சொல்லித் தனியாகக் கொடுப்பாராம். துடைத்த துணியையும் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் விரித்துக் காயப்போட்டார்.

டேப், கார்புரேட்டர் எல்லாம் கழற்றிக் கழுவி மாட்ட இரண்டு நாள். புதுப் பெட்ரோலும் டூ-டி ஆயிலும் ஊற்றி உதைத்தோம். பதினோராவது உதையில் பிடித்தது. தெரு முழுக்க வெள்ளைப் புகை.

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். புகையில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"சத்தம் அப்படியே இருக்குல" என்றாள்.