உப்பும் இரத்த அழுத்தமும்



அணைக்கட்டு, வேலூர், ஆம்பூர் வட்டாரத்தாராகிய நமக்குத் தோல் மண்டிகள் புதியன அல்ல. பச்சைத் தோலின்மேல் உப்பைத் தூவினால், தோலிலுள்ள நீர் உப்பை நாடி வெளியேறுகிறது. தோல் அழுகாமல் நிற்கிறது. உப்பு உள்ள இடத்தை நீர் நாடும் என்னும் இவ்வுண்மை நம் உடலுக்கும் பொருந்தும். உடலில் உப்பு மிகுந்து தங்கினால் நீரும் உடன் தங்கும், இரத்தத்தின் அளவு பெருகும், அழுத்தம் உயரும்.

உப்பில் எவ்வளவு கொள்வது, எவ்வளவு கழிப்பது என்று முடிவு செய்வது சிறுநீரகம். அதன் நுண்குழாய்களில், சோடியத்தை மீண்டும் உடலுக்குள் ஏற்கும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றைத் திறக்க ஏவுவது ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன்.

1963-ஆம் ஆண்டில் கிராண்ட் லிடில் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஓர் இளம்பெண்ணையும் அவள் உடன்பிறந்தாரையும் ஆராய்ந்தனர். இரத்த அழுத்தம் மிகுதி, பொட்டாசியமோ குறைவு. ஆல்டோஸ்டிரோன் மிகுதிக்குரிய அடையாளங்கள் இவை. ஆயினும் அந்த ஹார்மோன் மிகக் குறைவாகவே சுரந்தது. அதனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் பயன் தரவில்லை. டிரையாம்டெரீன் பயன் தந்தது. காரணம் யாது? முன்னது ஏவலைத் தடுப்பது. பின்னது வாயிலையே அடைப்பது. ஏவாமலே திறந்து கிடக்கும் வாயிலுக்கு ஏவலைத் தடுத்துப் பயன் என்ன?

அப்பெண்ணுக்குப் பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபோது அழுத்தம் சீரடைந்தது. குற்றம் சிறுநீரகத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்று. இத்தகைய அறுவையில் நம் நாடு முதல் வெற்றி கண்டது 1971-இல், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

1994-இல் ரிச்சர்டு லிப்டன் குழுவினர் மூலகாரணத்தைக் கண்டனர். உயிரணு, பழைய வாயில்களை அவ்வப்போது அகற்றிவிடும். மரபணுப் பிழையால் வாயிலின் வால்பகுதி குறைந்துவிட்டால், அகற்றுவதற்குரிய பிடி இல்லாமற்போகிறது. பெற்றோருள் ஒருவரிடம் இப்பிழை இருப்பின், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அமிலோரைடு அல்லது டிரையாம்டெரீன், உணவில் உப்புக் குறைப்பு ஆகிய இரண்டுமே இன்றும் இந்நோய்க்கு உரிய சிகிச்சை. மருந்தைத் தாமே வாங்கி உண்ணலாகாது. பொட்டாசியம் அளவுகடந்து உயர்ந்து இதயத்தைத் தாக்கக்கூடும்.

லிடில் நோய் மிக அரிது. எனினும், இளவயதில் இரத்த அழுத்தம் காணப்பட்டாலோ, குடும்பத்தில் பலர் இளமையிலேயே பக்கவாதம் உற்றிருந்தாலோ, வாளாவிருத்தல் கூடாது. கருவி காட்டுவது அழுத்தத்தின் அளவை மட்டுமே, காரணத்தை அன்று. ஒரே அளவு காட்டும் இருவருக்கு வெவ்வேறு மருந்து வேண்டியிருக்கலாம். ஆதலின், காரணத்தை ஆராயுமாறு மருத்துவரைக் கேளுங்கள்.