வாள் பிடித்த சிவன்

திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய சந்தில், மணிக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆடவிட்ட கடையைப் பற்றிப் போன வாரம் சொன்னேன். அங்கே நான் அதிகம் காசைத் தொலைத்தது ‘டூம் ரெய்டர் 3’ விளையாட்டில்தான். 1998-ல் வந்தது; செய்தவர்கள் இங்கிலாந்தின் கோர் டிசைன். முதல் கட்டமே இந்தியக் காடு, பாழடைந்த கோயில் என்று கேள்விப்பட்டு, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றோம்.

நாயகி லாரா ஒரு சறுக்கில் வழுக்கி இறங்குவாள். அடியில் கூர்முனைகள். சுதாரிப்பதற்குள் செத்துப்போவோம். நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்கவும் முடியாது; பிளேஸ்டேஷனில் அதற்குப் படிகம் வேண்டும், அதுவும் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். கையில் படிகம் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்கார அண்ணாச்சி, “டைம் ஆச்சு, எழுந்திரு” என்பார்.

குரங்கு ஒன்று சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடும். கிரிவலப் பாதையில் வாழைப்பழத்தைப் பறிகொடுத்துப் பழகிய எங்களுக்கு, அந்த விளையாட்டில் நம் நாடு மாதிரி இருந்தது அது ஒன்றுதான். சாவி வேண்டுமானால் குரங்கைச் சுட வேண்டும். சனிக்கிழமைகளில் அந்தக் காரியத்துக்கு ஆள் தேடுவோம்.

அப்புறம் கோயில். அங்கே ஆறு கையிலும் ஆறு வாளோடு நிற்கும் சிலை உயிர்பெற்று வெட்ட வரும். அதற்குப் பெயர் சிவன்! அடிமுடி காணமுடியாத நெருப்பே மலையாக நிற்கிறது என்று கேட்டு வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சுட்டோம். எனக்குக் கோபம் வரவில்லை, சப்பென்று போனது. சிவனுக்கென்று அதில் ஒன்றுமே இல்லை. பெயரை மாற்றி எந்த நாட்டுப் பாழுங்கோயிலில் நிறுத்தினாலும் அந்தச் சிலை அதே வேலையைத்தான் செய்திருக்கும். 1996-ல் தொடங்கி ஆண்டுக்கு ஒரு பாகம் இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு விசாரிக்க நேரமேது?

‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ 2017-ல் வந்தது. அக்கா மகன்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்தான். களம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சாளர் விட்டுப்போன இடிபாடுகள், தேடும் பொருள் பிள்ளையாரின் தந்தம். நாயகி குளோயியின் அப்பா இந்தியர். அந்தத் தந்தத்தைத் தேடியே வாழ்ந்தவர். பரசுராமர் கோடாரியை வீச, அது தன் அப்பா கொடுத்தது என்பதற்காகப் பிள்ளையார் தந்தத்தில் அடியை வாங்கிக்கொண்ட கதையைக் குளோயி கூட வந்தவளுக்குச் சொல்கிறாள். அப்பா விட்டுப்போனதைச் சுமக்கும் பெண் சொல்வதால் அந்தக் கதை அவளுடையதாகவும் ஆகிவிடுகிறது. இங்கும் சிலைகள் கோடாரி வீசும். ஆனால் அவற்றைச் சுட்டுப் பயனில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் எது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் நகர வேண்டும். சிலையை நின்று பார்க்கவைத்த முதல் விளையாட்டு, என்னைப் பொறுத்தவரை.

குறை இல்லாமலில்லை. ஹொய்சாளர் கலை என்றால் மாக்கல்லில் நகையாசாரி வேலை போன்ற நுணுக்கம். இவர்களோ மலையளவு சிலைகளாக நிறுத்தியிருக்கிறார்கள். பேலூர் போய் வந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

ஆடி முடித்ததும் பையன் கேட்டான்: “அந்த ஹொய்சாள ராஜாங்க அப்புறம் என்ன ஆனாங்க மாமா?”

வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போனேன். வல்லாள மகாராஜா கோபுரத்தின் முன் நிறுத்திச் சொன்னேன். 1311-ல் மாலிக் காபூர் படை ஹொய்சாளர் தலைநகரான ஹளபேடு மீது பாய்ந்தது. பின்னாளில் மூன்றாம் வீர வல்லாளன் நம்ம ஊரில் இருந்துகொண்டு ஆண்டான். மதுரை சுல்தானோடு மோதியதில் உயிர்விட்டான். அவனுக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது ஐதீகம். அதனால்தான் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவனுக்குத் திதி கொடுக்கிறார்.

பையன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான்.

“சாமியே திதி கொடுக்குமா?”

“வர்ற மாசிக்குக் கூட்டிட்டுப் போறேன், வா.”

(தொடரும்)