டி.ஓ. பியூஸ் ராடு வாங்கப் போகிறீர்களா? நுனியைப் பார்த்து வாங்குங்கள்

டிரான்ஸ்பார்மர் கம்பத்தின் மேலே மூன்று குழாய்கள் சற்றுச் சாய்ந்தபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று மட்டும் தலைகீழாகத் தொங்கினால் அந்த பேஸில் பியூஸ் போய்விட்டது என்று பொருள். இதற்குப் பெயர் டி.ஓ. பியூஸ் (உள்ளிருக்கும் இழை உருகியதும் தானே கவிழ்ந்து தொங்கும் உயர் அழுத்த பியூஸ்). அந்தக் குழாயைக் கழற்றி இறக்கவும், புது இழை போட்டபின் ஏற்றி மாட்டவும் ஒரு நீளமான தடி வேண்டும். அதுதான் ஹாட் ஸ்டிக் (மின்சாரம் பாயாத மின்காப்புத் தடி). டி.ஓ. ராடு, ஆபரேட்டிங் ராடு என்றெல்லாம் கேட்டு வாங்குவதும் இதைத்தான்.

ராடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை அடி? எத்தனை கிலோவோல்ட் தாங்கும்? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் பியூஸைத் தொடுவது தடி அல்ல. அதன் நுனியில் மாட்டியிருக்கும் உலோகத் தலை. குழாய் நழுவி ஆள்மேல் விழுவதும், பக்கத்துச் சேனல் இரும்பில் உரசிப் பொறி பறப்பதும் அந்த நுனியில் நடப்பவை. அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு.

இந்தக் கட்டுரை யாருக்கு? சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் மில், அரிசி ஆலை, கல்லூரி, மருத்துவமனை போன்ற இடங்களின் எலக்ட்ரீஷியனுக்கும், அவர் கேட்கும் கருவிக்குப் பணம் ஒதுக்க வேண்டிய நிர்வாகிக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, இதற்கென நியமிக்கப்பட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் இந்த வேலையைச் செய்யலாம். தெருவிலோ வயலோரத்திலோ இருக்கும் டிரான்ஸ்பார்மர் என்றால் உங்களுக்கு அங்கே வேலையே இல்லை. பயிர் வாடினாலும் சரி, கழியை எடுக்காதீர்கள். மின்னகம் எண் 94987 94987-க்குப் பேசுங்கள்.

கழி ஏன் கூடாது? 11 கிலோவோல்ட் லைனில் ஒரு பேஸுக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 6,350 வோல்ட் இருக்கிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டைப்போல் இருபத்தேழு மடங்கு. மூங்கில் ஈரத்தை உறிஞ்சும். வெளியே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். பிளம்பிங் பி.வி.சி. பைப்பை இந்த அழுத்தத்துக்கு யாரும் சோதித்துத் தருவதில்லை. முறையான ராடு கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது. நல்ல ராடுகளில் ஈரம் புகாதபடி உள்ளே நுரையும் அடைத்திருக்கும்.

“எல்.சி. (இந்த லைனில் சப்ளை நிறுத்தப்பட்டது என்ற எழுத்துமூல அனுமதி) வாங்கி, எர்த்தும் போட்டுவிட்டால் கையாலேயே கழற்றலாமே, ராடு எதற்கு?” என்று கேட்பீர்கள். லைனை நிறுத்திவிட்டு வேலை செய்வதுதான் எப்போதும் முதல் வழி. அதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை. ஆனால் கரண்ட் இல்லை என்று சோதிப்பதற்கும், எர்த் கிளாம்ப் மாட்டுவதற்கும் ராடுதான் வேண்டும். ஏ.பி. சுவிட்ச்சின் (லைனைத் துண்டிக்கும் கம்பத்துச் சுவிட்ச்) மூன்று பிளேடில் ஒன்று சரியாகத் திறக்காமல் நின்றிருக்கலாம். ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாகக் கரண்ட் ஏறலாம். சில கம்பங்களில் டி.ஓ.வுக்கு முன்னால் சுவிட்ச்சே இருக்காது. அங்கே குழாய் கீழே தொங்கும்போதும் அதன் மேல் காண்டாக்ட் உயிரோடுதான் இருக்கும்.

சரி, நுனிக்கு வருவோம். தலைகளில் முக்கியமானவை மூன்று வகை. மூன்றும் ஒரே வேலைக்கானவை என்று நினைப்பதுதான் வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு.

முதலாவது டிஸ்கனெக்ட் ஹெட் (பியூஸ் குழாயின் வளையத்தில் நுழைக்கும் கொம்புமுனை). நேராக ஒரு முனை, அதன் பக்கவாட்டில் ஒரு குச்சி. குழாயின் மேல்முனையில் இருக்கும் வளையத்துக்குள் இந்தக் குச்சி போகும். இழுத்தால் பியூஸ் திறக்கும், தள்ளினால் மூடும். திறக்கவும் மூடவும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் கீழ்க் கீலிலிருந்து (குழாய் தொங்கித் திரும்பும் இணைப்பு) குழாயைக் கழற்றி இறக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். அப்போது குழாயின் முழு எடையும் ஒரு விரல் அளவுக் குச்சியில் ஊசலாடும். ராடு சற்றே திரும்பினால் வளையம் வழுக்கி வெளியே வந்துவிடும். கீழே ராடைப் பிடித்து நிற்பது நீங்கள்.

இறக்கவும் ஏற்றவும் தனியாக ஒரு தலை உண்டு: பியூஸ் லிப்டிங் ஹெட் (குழாயின் அடிப்பாகத்தைத் தாங்கித் தூக்கும் கவட்டைமுனை). குழாயின் அடியில் கீலில் உட்காரும் வார்ப்புப் பகுதியில் இதற்கென்றே துளையோ பள்ளமோ இருக்கும். கவட்டை அங்கே நுழைந்து குழாயைத் தாங்குகிறது. உங்கள் டி.ஓ.வின் அந்தத் துளையின் அளவை, கழற்றி வைத்த ஒரு பழைய குழாயில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் அந்தக் குழாயையே எடுத்துப் போங்கள். “எல்லா டி.ஓ.வுக்கும் செட் ஆகும்” என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது கிளாம்ப் ஸ்டிக். இது தனித் தலை அல்ல, தலையோடு சேர்ந்த தடி. கைப்பக்கம் ஒரு பிடியை நகர்த்தினால் நுனியில் கொக்கி வெளியே வரும். பின்னால் இழுத்தால் வளையத்தைக் கவ்வி உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளும். எர்த் கிளாம்ப் மாட்ட அருமையான கருவி, எதுவும் நழுவாது. அப்படியானால் பியூஸ் மூடவும் இதுதானே பாதுகாப்பு? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூடியவுடன் ராடு குழாயை விட்டு உடனே விலக வேண்டும். கொம்புமுனை பக்கவாட்டில் நகர்த்தினாலே வெளியே வரும். கிளாம்ப்பில் கொக்கியைத் திறந்துதான் விலக முடியும். பதற்றத்தில் திறக்காமல் இழுத்தால் மூடிய பியூஸ் பாதி திறந்து ஆர்க் (காற்றில் பாயும் மின்தீ) பற்றிக்கொள்ளும்.

மூடும் கணத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தலையின் தரம் தெரிவது அங்கேதான். குழாயை மேல் காண்டாக்ட்டுக்குச் சற்று முன்வரை கொண்டுபோய் நிறுத்தி, குறி பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே அழுத்தமான வீச்சில் அடைக்க வேண்டும். தயங்கித் தயங்கித் தள்ளினால் காண்டாக்ட் தீய்ந்துபோகும். லைனிலோ டிரான்ஸ்பார்மரிலோ கோளாறு இன்னும் இருந்தால் மூடிய நொடியிலேயே பியூஸ் வெடித்துத் திறக்கும். சூடான வாயு குழாயின் கீழ்வாய் வழியே பீறிடும். அதனால் குழாய்க்கு நேர் கீழே நிற்கக் கூடாது. அந்த ஒரு வீச்சில் தலை ஆடினால் குறி தப்பும், குழாய் காண்டாக்ட்டில் சரியாக உட்காராது.

தலை ஆடுமா என்று கடையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? தடியும் தலையும் சேரும் இடத்தைப் பாருங்கள். யுனிவர்சல் ஹெட் (எந்தத் தலையையும் மாற்றி மாட்ட உதவும் பல்வெட்டு முகப்பு) உள்ள ராடில், சூரியக் கதிர்போல் பல் வெட்டிய இரண்டு வட்ட முகங்கள் எதிரெதிரே உட்காரும். நடுவில் ஒரு இறக்கை நட்டு இறுக்கும். பல் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் பிடி. ஒரு கம்பெனித் தலையை வேறு கம்பெனித் தடியில் மாட்டும்போது சில நேரம் பல்மேல் பல் ஏறி நிற்கும். நட்டை இறுக்கினால் கெட்டியாகத்தான் தெரியும். கையால் இறுக்கியபின் தலையில் பழைய குழாயை மாட்டி, தடியைக் கிடைமட்டமாகப் பிடித்து இரண்டு முறை உதறிப் பாருங்கள். தலை இம்மி நகர்ந்தாலும் வேண்டாம்.

அடுத்து, நுனியில் எவ்வளவு உலோகம் வெளியே தெரிகிறது? குறைவாக இருப்பது நல்லது, இரண்டு காரணங்களால். டி.ஓ.வின் மேல் காண்டாக்ட் உயிரோடு இருக்கும். அதைத் தாங்கும் சேனல் இரும்பு எர்த். நீளமான உலோகத் தலை குறுக்கே சாய்ந்தால் இரண்டையும் ஒருசேரத் தொட்டுவிடும், ஆர்க் அடிக்கும். இரண்டாவது காரணம் பலர் கணக்கில் சேர்க்காதது: உலோகம் காப்பு அல்ல. ஐந்தடி ராடில் ஓரடி உலோகத் தலை மாட்டினால் மொத்த நீளம் ஆறடி ஆகும், ஆனால் உங்களைக் காப்பது அந்த ஐந்தடி மட்டும்தான். அதிலும் இணைப்பில் உலோகப் பூண் இருந்தால் அந்த நீளத்தையும் கழியுங்கள். கை பிடிக்கும் பகுதியையும் கழியுங்கள். 15 கிலோவோல்ட் வரையிலான லைனில், உயிருள்ள பாகத்துக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 0.65 மீட்டர் விலகல் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. அது கடைசி எல்லை. அங்கே போய் நிற்பதற்கான அளவு அல்ல.

மேலே பிளாஸ்டிக் பூச்சு போட்ட தலை கிடைத்தால் வாங்கலாமா? வாங்கலாம், தெரியாமல் உரசும்போது பொறியைத் தவிர்க்க அது உதவும். ஆனால் அந்தப் பூச்சைக் காப்பு என்று நம்பித் தலைக்குப் பக்கத்தில் கை வைக்கக் கூடாது.

எடையும் முக்கியம். வெண்கலத் தலை உறுதியானது. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நீளும் டெலஸ்கோபிக் ராடின் உச்சியில் அது ஏறினால் தடி தூண்டில்போல் வளைந்து ஆடும். தரையிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு அலுமினியக் கலவைத் தலை வசதி. குச்சி சீக்கிரம் தேயும், மாற்றிக்கொள்ளலாம்.

லோடு இருக்கும்போதே திறக்கலாமா? கூடாது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் முழு லோடில் 11 கிலோவோல்ட் பக்கம் எடுப்பது 5.25 ஆம்பியர்தான்; அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த அழுத்தத்தில் சாதாரண டி.ஓ.வைத் திறந்தால் ஆர்க் இழுபட்டு நீளும். முதலில் எல்.டி. (தாழ்வழுத்த) பக்கத்து மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் ராடைத் தூக்க வேண்டும். லோடோடு திறந்தே ஆக வேண்டிய இடங்களுக்கு லோட்-பிரேக் கருவி (மின்தீயைத் தனக்குள்ளேயே அணைக்கும் ராடுத் தலை) இருக்கிறது. சிகாகோவின் எஸ் அண்டு சி நிறுவனம் செய்யும் லோட்பஸ்டர் இவற்றில் பெயர் பெற்றது. 600 ஆம்பியர் வரையிலான லோடைத் துண்டிக்கும். அதை மாட்ட டி.ஓ.வின் மேல்பக்கம் இரண்டு கொக்கிகள் வேண்டும். உங்கள் டி.ஓ.வில் அவை இல்லையென்றால் அந்தச் செலவு வீண். கோளாறு மின்னோட்டத்தைத் துண்டிக்கவும் அது ஏற்பட்டதல்ல.

பில்லோடு என்ன காகிதம் கேட்க வேண்டும்? சோதனைச் சான்றிதழ். தடிக்கு ஐ.இ.சி. 60855, தலைக்கு ஐ.இ.சி. 60832-2 என்ற தர எண்களைக் கேளுங்கள். உயிருள்ள லைன் வேலைக்கான கருவியில் இரட்டை முக்கோணக் குறி பதித்திருக்கும். வாங்கியதோடு முடிந்ததா? இல்லை. அமெரிக்க விதி, பயன்பாட்டில் உள்ள கண்ணாடி இழை ராடை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓரடி நீளத்துக்கு 75,000 வோல்ட் வீதம் ஒரு நிமிடம் சோதிக்கச் சொல்கிறது. இங்கும் அதையே வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. கையுறையையும் மறக்காதீர்கள். ராடு இருந்தாலும் அது வேண்டும்: 11 கிலோவோல்ட்டுக்கு 17,000 வோல்ட் வரை பயன்படுத்தத் தகுந்த கிளாஸ் 2 ரப்பர் கையுறை. எல்.டி. வேலைக்கு விற்கும் கையுறை இதற்குப் போதாது.

மழையில்? ராடைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். பனியில் நனைந்ததோ தூசி படிந்ததோ துடைத்துக் காயாமல் லைனுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு நாளும் எடுத்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி இழை நெருடினால் மேல்பூச்சு போய்விட்டது, ராடைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

தலைக்கும் ஆயுள் உண்டு. குச்சி தேய்ந்து மெலிந்தாலோ, பல் மழுங்கினாலோ, ஆர்க் பட்டுக் குழி விழுந்தாலோ அதன் வேலை முடிந்தது. அதை வெல்டிங் வைத்துச் சரிசெய்யக் கொடுக்காதீர்கள். “அவசரத்துக்கு ஆகும்” என்று ஷெல்பில் போட்டும் வைக்காதீர்கள். இரவு ஷிப்டில் யாராவது ஒருவர் அதைத்தான் எடுப்பார். ஹாக்ஸாவால் இரண்டாக அறுத்துவிட்டுக் காயலான் கடைக்குப் போடுங்கள்.